எட்டாம் மாதத்துப் பிள்ளைகள்

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று நம் பாட்டிமார்களிடம் ஒரு பேச்சு உண்டு. ஏன் என்று கேட்டால் பதில் வராது. "அது அப்படித்தான்" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். இது நம் ஊர்ச் சரக்கு என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்புறம் பார்த்தால், கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல்களில் எட்டாம் மாதக் குழந்தைக்கென்றே தனியாக ஒரு நூல் இருக்கிறது. சுமார் 2400 வருஷத்துச் சரக்கு. அதிலும் இதே தீர்ப்புத்தான். அரிஸ்டாட்டில் மட்டும், எகிப்து தேசத்தில் எட்டு மாதப் பிள்ளைகள் பிழைத்து வளர்கிறார்கள் என்று எழுதி வைத்தார். நல்ல மனிதர்.

உண்மைக் கணக்கு நேர் எதிரானது. வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தால் ஒரு வாரத்துப் பலம் கூட. ஏழைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல். இதைப் புரிந்துகொள்ள வைத்தியம் படிக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தோடு காலேஜுக்கு முழுக்குப் போட்ட எனக்கே புரிகிறது. ஆனால் புத்திக்குப் புரிவது வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் காதில் ஒலிக்கும் பாட்டியின் குரல் வேறு.

எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருஷம் ஆகியிருந்தது. மனைவிக்கு 37 வயசு, எனக்கு 44. ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, 32-ஆவது வாரத்தில், நான்கு நிமிஷ இடைவெளியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பிறந்தார்கள். முதலில் வந்தவன் 1,520 கிராம். பின்னால் வந்தவள் 1,340 கிராம். பிறக்கும் குழந்தை 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைவு என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. எங்கள் வீட்டில் இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழுக் குழந்தை. பெயர் வைக்கும் தைரியம் எங்களுக்கு வரவில்லை. பெரியவன், சின்னவள் என்பதே பெயராக நின்றது. நான்கு நிமிஷத்தில் சம்பாதித்த மூப்பு!

ஆஸ்பத்திரியில் 24 நாள் இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியையும் குழாயையும் கீச்சென்று கத்தும் யந்திரங்களையும் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அங்கே தாய் தகப்பனுக்குப் பயப்படுவது ஒன்றுதான் உத்தியோகம். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்ன அன்றுதான் எனக்குக் கை நடுங்கியது. பெரியவன் 1,810, சின்னவள் 1,620. இவ்வளவு சிறிய ஜீவன்களை எந்தத் தைரியத்தில் ஒரு நாவலாசிரியனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள்?

டாக்டரம்மா மூன்று வார்த்தை சொன்னார். சூடு, பால், கதவு. குழந்தைக்குச் சூடு குறையக்கூடாது. இரண்டு மணிக்கு ஒரு தரம் பால் போக வேண்டும். வருகிறவர் போகிறவரெல்லாம் உள்ளே வரக்கூடாது. கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்புச் சேர்கிறது. அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டவர்களுக்குப் போர்வையில்லாத உடம்பு. உடம்பு சிறிதாகச் சிறிதாக, எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். சின்னக் கிண்ணத்துக் காபி சீக்கிரம் ஆறுகிற மாதிரி ஆறிப்போவார்கள். சூட்டைக் காப்பாற்றுவதிலேயே சாப்பிட்டதெல்லாம் செலவானால் வளர்வதற்கு என்ன மிச்சம்?

"மார்போடு மார்பாக அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குச் சட்டை வேண்டாம், அணைக்கிறவர்களுக்கும் வேண்டாம். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை, இடுப்பில் துணி, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. முடிந்தால் இன்னும் அதிகம்" என்றார்.

"எந்தக் குழந்தையை?" என்று கேட்டாள் என் மனைவி.

"இரண்டையும்தான்."

"நான் எப்போதுங்க டாக்டர் தூங்கறது?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார். எனக்குச் சங்கதி விளங்கிவிட்டது.

இந்த முறை பிறந்த கதை சுவாரசியமானது. 1978-இல் தென் அமெரிக்காவில், கொலம்பியா தேசத்துத் தலைநகர் பொகோட்டாவில், எட்கர் ரே என்ற டாக்டர் ஓர் ஏழைப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தார். கடல் மட்டத்துக்கு மேல் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர் பிரதேசம். கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை நெருக்கி வைத்தார்கள். ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் தொற்றியது. பிள்ளையைத் தொடக்கூட வழியில்லாத தாய்மார்கள் சிலர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர் என்ன செய்தார்? பெட்டி இல்லாவிட்டால் தாய் இருக்கிறாளே என்று, குழந்தையைத் தாயின் மார்பிலேயே நிமிர்த்திக் கட்டி வைத்தார். அடுத்த வருஷம் எக்டர் மார்ட்டினஸ் என்ற டாக்டர் அவரோடு சேர்ந்துகொண்டார். கங்காரு தன் குட்டியை மடியில் வைத்துக்கொள்வதைப் பார்த்துக் கங்காரு முறை என்று பெயர் வந்தது. வசதியில்லாத இடத்தில் வேறு வழியின்றிச் செய்த காரியம், வசதியுள்ள தேசங்களிலும் பெரிய வைத்தியமாகிவிட்டது. 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் நம் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் நான்கு ஆப்பிரிக்க தேசங்களின் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து 3,211 குழந்தைகளைப் பார்த்தன. எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனே இப்படி அணைக்கத் தொடங்கியவர்களிடம், உடம்பு தேறிய பிறகு தொடங்கியவர்களைவிடச் சாவு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைவு. அணைப்பது தாயாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவளால் முடியாதபோது வீட்டார் வேறொருவர் செய்யலாம்.

அந்த வேறொருவர் நான்.

எங்கள் வீடு திருவூடல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. சுவாமியும் அம்மனும் தை மாதத்தில் ஊடிக்கொள்ளும் தெரு அது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு வீட்டுச் சண்டை சகஜம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முதல் நாள் நான் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார, மாமியார் சின்னவளைக் கொண்டுவந்து என் மார்பில் தவளை மாதிரி கால் மடக்கி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, பழைய வேட்டியால் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாப்பிள்ளை, கொஞ்சம் மூச்சைப் பாத்து விடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என் அம்மாவுக்குச் சங்கோசமெல்லாம் கிடையாது. வாசற்படியில் நின்று, "ஏண்டா, உங்கப்பா உன்னைத் தூக்கினதே உனக்கு மூணு வயசு ஆனப்புறம்தான். அதுவும் தேர் பாக்கறதுக்கு" என்றாள்.

அப்பா மோசமானவர் அல்ல. அந்தக் காலத்துத் தகப்பன்மார்களுக்குக் குழந்தை என்பது நடக்கத் தொடங்கிய பிறகு அறிமுகமாகிற ஒரு மனிதர். என்னையும் அப்படியே விட்டிருப்பார்கள். ஒரே குழந்தையாக, முழு மாதமாகப் பிறந்திருந்தால். இரட்டைக் குழந்தைக்கு இரண்டு மார்பு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது, பணம் கட்டியது, மருந்து வாங்கியது எல்லாம் வேறு எவரும் செய்யக்கூடிய வேலைகள்தாம். இது அப்படியல்ல. நான் எழுந்துபோனால் ஒரு குழந்தைக்குச் சூடு இல்லை. அவ்வளவு நேரடியாக நான் யாருக்கும் தேவைப்பட்டதே கிடையாது.

1,620 கிராம் எவ்வளவு கனம்? என் நாவல்களில் பெரியதன் இரண்டு பிரதிகளைச் சேர்த்தால் அதற்குக் கிட்ட வரும். ஆனால் நாவல் மூச்சு விடாது. மார்பில் இருக்கிற அந்த உயிர் சில சமயம் ஐந்தாறு விநாடி மூச்சை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும். குறைமாதப் பிள்ளைகளிடம் அது சகஜம். இருபது விநாடி நீண்டாலோ உடம்பு நீலம் பாய்ந்தாலோதான் ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழுக்கு மேல் எண்ண நேர்ந்ததில்லை. ஏழு வரை எண்ணுவதற்குள்ளேயே எத்தனையோ நினைத்துவிடலாம்.

எங்கள் ஊர் அம்மனுக்கு உண்ணாமுலை என்று பெயர். பிள்ளை உண்ணாத முலை. சிறு வயசிலிருந்து ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன்; பெயரின் அர்த்தம் ஒரு தரமும் என்னைத் தொட்டதில்லை. சின்னவள் மார்பைப் பிடித்து நாலு வாய் இழுப்பாள், உடனே களைத்துத் தூங்கிவிடுவாள். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று ஒழுங்காக இணைவதே சுமார் 34 வாரத்துக்குப் பிறகுதான். அந்த ஒழுங்கு அவளுக்கு அப்போதுதான் கைவந்துகொண்டிருந்தது. ஆகவே என் மனைவி கையால் பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த கிண்ணத்தில் எடுப்பாள். ராத்திரி மூன்று மணிக்கு, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடியபடி. ஒரு தரம் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அம்மனுக்குத்தான் என் கஷ்டம் தெரியும்" என்றாள். அவள் கோயிலுக்கு அதிகம் போகிறவள் அல்ல.

எடுத்த பாலைப் புகட்டுவது எதில்? பாட்டில் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பு. அம்மா பரணில் ஏறச் சொல்லி, பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளிச் சங்கை எடுக்கச் சொன்னாள். எனக்கும் என் தங்கைக்கும் புகட்டிய சங்கு. சில ஊர்களில் இதையே பாலாடை என்பார்கள். நீண்ட மூக்குள்ள சின்னக் கிண்ணம். அதை எடுத்துக்கொண்டு சற்று வெட்கத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் சிரித்தாள். அவர்களும் அதையேதான் உபயோகிக்கிறார்களாம், எவர்சில்வரில். இங்கிலீஷ் வைத்தியப் புத்தகங்களில் 'பாலாடை' என்ற வார்த்தை அப்படியே அச்சாகியிருக்கிறது. கிண்ணத்தைவிட இதில் பால் குறைவாகச் சிந்துகிறது என்று 1999-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகு அம்மாவின் நடையே மாறிவிட்டது. சங்கு அவள் சொத்து. ஆகவே சங்கு பிடிக்கும் கையும் அவளுடையதுதான். குழந்தையை முக்கால் பங்கு நிமிர்த்தி, கீழுதட்டில் மூக்கை வைத்து, அது நாக்கை நீட்டிக் கேட்கும் வரை காத்திருந்து, சொட்டுச் சொட்டாக. ஊற்றக் கூடாது. 25 மில்லி போக அரை மணி. அதற்குள் அடுத்தவனுக்கு நேரமாகிவிடும். நாளைக்குப் பன்னிரண்டு தரம், இரண்டு பேர், 24 தரம்.

எந்தக் குழந்தைக்கு எப்போது எவ்வளவு என்பதற்கு ஒரு நோட்டுப் போட்டேன். பெரியவன் காலில் கறுப்புக் கயிறு, சின்னவள் காலில் சிவப்புக் கயிறு. நோட்டிலும் கறுப்பு மசி, சிவப்பு மசி. என் தொடர்கதைக்காக வாங்கின நோட்டு அது. அந்தக் கதையின் கதாநாயகன் காட்பாடி ரயில் நிலையத்தில் மூன்று வாரமாக நின்றுகொண்டிருந்தான். ஏற்றிவிட எனக்குக் கை ஒழியவில்லை. பத்திராதிபர் டெலிபோனில் கேட்டபோது, "ரயில் தாமதம்" என்று சொன்னேன்.

அம்மாவோடு எல்லா விஷயத்திலும் சமாதானம் இல்லை. குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டாத குழந்தை குழந்தையா என்பது அவள் கட்சி. அரைகுறையாக வளர்ந்த நுரையீரலில் புகை போகக்கூடாது என்பது டாக்டர் கட்சி. வசம்பு, தேன், உரை மருந்து எல்லாவற்றுக்கும் வழக்கு நடந்தது. "உன்னை இதையெல்லாம் குடுத்துத்தாண்டா வளத்தேன்" என்பாள். அதற்குப் பதில் கிடையாது. அவளுடைய முதல் பிள்ளை, எனக்கு மூத்தவன், ஒன்பது நாளில் போனது எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு நாள் சாம்பிராணித் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்துவிட்டாள்.

கதவு விஷயம்தான் பெரும் பாடு. திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவனுக்கு உறவினர் பஞ்சம் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டாத சொந்தக்காரர் குறைவு. போளூர்ப் பெரியம்மா இரண்டு பேரன்களோடு வந்தாள். ஒருவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "டாக்டர் உத்தரவு பெரியம்மா, உள்ளே விடக்கூடாது" என்றேன். "நான் என்ன அசலா?" என்றாள். அம்மா குறுக்கே வந்து, "அக்கா, இன்னும் தீட்டுக் கழியலை" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பெரியம்மா உடனே இரண்டடி பின்னால் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரால் ஆகாததைத் தீட்டுச் சாதித்துவிட்டது!

நான் இதைச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

"கதவைச் சாத்தணும்னா சாத்துங்க. என்னைத் தீட்டுன்னு சொல்லிச் சாத்தாதீங்க" என்றாள்.

நியாயம்தான். பிரசவித்தவளையும் சிசுவையும் ஓர் அறையில் ஒதுக்கி வைத்த பழைய ஏற்பாட்டில், வெளி மனிதர் நுழையாமலிருந்த நன்மை உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அவளைக் குத்துகிறது. அன்று சாயங்காலம் ஓர் அட்டையில், 'குழந்தைகள் குறைமாதம். பார்க்க வேண்டாம், மன்னிக்கவும்' என்று எழுதி வாசலில் மாட்டினேன். நான் எழுதியவற்றில் எல்லோரும் முழுவதும் படித்தது அது ஒன்றுதான். பெரியம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

கார்த்திகை தீபம் வந்தது. அன்று ஊரின் உள் வீதிகளில் வண்டி வாகனம் போக முடியாது, லட்சக்கணக்கான ஜனங்கள். மத்தியானத்திலிருந்து தூறல், ஈரக் காற்று. ஐந்தேகால் மணிக்குச் சின்னவளின் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. சங்கை வாயில் வைத்தால் நாக்கு வெளியே வரவில்லை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன், 97 டிகிரி. 97.7-க்குக் கீழே போகக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தேன். "உடனே மார்பில் வைங்க சார், மேலே கம்பளி போடுங்க. ஒரு மணி நேரத்தில் சூடு ஏறணும், பால் குடிக்கணும். இல்லேன்னாலோ, மூச்சு மாறினாலோ காத்திருக்காதீங்க, 108-க்குச் சொல்லுங்க, தெருக்கோடி வரைக்கும் தூக்கிக்கிட்டு ஓடி வாங்க" என்றாள் நர்ஸ்.

மனைவி மார்பில் பெரியவன் இருந்தான். என் மார்பில் இவள். எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தகப்பன் மார்பில் சூடு போதுமா என்று எனக்குச் சந்தேகம். "மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "அசையாதீங்க. அப்படியே இருங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன், அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே சில நிமிஷம் காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். வருஷத்தில் அந்த ஒரு வேளைதான். அம்மன் சுவாமியின் உடம்பில் பாதியைப் பெற்றது இந்த ஊரில் என்பது தலபுராணம். வெளியே இரைச்சல் ஏறியது. மாடியிலிருந்து அம்மா, "அர்த்தநாரி வந்துட்டாராம்டா!" என்று கூவினாள். மனைவி என்னைப் பார்த்தாள்; நான்கு நாளாகக் க்ஷவரம் செய்யாத முகம், தோளில் கம்பளி, மார்பில் பொம்மைத் தலை.

"அவருக்கு ரெண்டு நிமிஷம். உங்களுக்கு எட்டு மணி நேரம்" என்றாள்.

ஆறு மணிக்கு அரோகரா என்ற கோஷம் ஊர் முழுவதும் எழுந்தது. 2,668 அடி உயரத்தில் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் பற்றி எரியத் தொடங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை. ஆறே காலுக்கு 97.6. அந்தப் பத்தில் ஒரு டிகிரியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு 98. அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, கை அலம்பிக்கொண்டு சங்கை எடுத்தாள். நாக்கு வந்தது. 18 மில்லி குடித்தாள். நோட்டில் சிவப்பு மசியால் எழுதினேன், எழுத்துக் கோணியிருக்கிறது.

மராட்டியத்தில் கட்சிரோலி என்ற காட்டு ஜில்லாவில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி, அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு வீடு போய்ச் சிசுக்களைக் கவனிக்கச் செய்தார்கள். முதல் மாதச் சாவு 62 சதவிகிதம் குறைந்தது என்று 1999-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். எடை பார்ப்பது, சூடு பார்ப்பது, கை கழுவச் செய்வது, அபாயம் தெரிந்தால் தயங்காமல் மருந்து கொடுப்பது. 2011-இல் சர்க்கார் அதையொட்டி நாடெங்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு நர்ஸம்மா தோளில் பையும் அதில் ஒரு தொங்கு தராசுமாக வந்துகொண்டிருந்தார். தூளியில் போட்டு முள்ளைப் பார்ப்பார். நாங்கள் நால்வரும் அவர் முகத்தைப் பார்ப்போம். நாளைக்கு இருபது, முப்பது கிராம் ஏற வேண்டும். தீபத்துக்கு மறு வாரம் சின்னவள் நான்கு நாளில் பத்தே கிராம் ஏறியிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல், ராத்திரிப் பாலை யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். அன்று முதல் அம்மா ராத்திரி எட்டு மணிக்கே படுத்து ஒரு மணிக்கு எழுந்தாள். மாமியார் சமையலை ஒரு வேளையாகச் சுருக்கினார். நான் மார்பைப் பத்து மணி நேரமாக்கினேன்.

கண் பரிசோதனையும் ஒன்று இருந்தது. குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஓரம் வரை வளர்ந்திருக்காது. வளர்ச்சி தவறினால் பார்வை போகும். முதல் மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன் ஒரு தரம் பார்த்தார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி. அந்தச் சின்ன இமையைக் கம்பியால் விரித்து வைப்பதைப் பார்க்கச் சகிக்காது. நான் பார்த்தேன். "வளர்ந்துகிட்டு வருது, இன்னும் ஒரு தடவை வாங்க" என்றார் டாக்டர். மூன்றாம் தடவை, "இனி வேண்டாம்" என்றார்.

மார்கழி முடிவில் பெரியவன் 2,640. சின்னவள் 2,310, சங்கைத் தட்டிவிட்டு மார்பிலேயே குடிக்கிறாள். வேட்டிக்குள் கட்டினால் கையைக் காலை உதைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறாள். போதும் என்பதற்கு அதுதான் அடையாளமாம். கதாநாயகனும் ரயில் ஏறிவிட்டான்.

சங்கு இப்போது செங்கத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தாள்; அவள் பிள்ளை 31 வாரம். கொடுத்து அனுப்பும்போது அம்மா அந்த ஆளிடம், ஒவ்வொரு தரமும் இருபது நிமிஷம் கொதிக்கவைத்த பிறகுதான் பால் ஊற்ற வேண்டும் என்று மூன்று தரம் சொன்னாள்.